30க்கு 40 சைட்ல "பிரெஞ்சு நியோகிளாசிக்கல்" வீடு... அப்படின்னா உண்மையில என்ன?

ஹொரமாவு_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூருக்கு வந்து பதிமூணு வருஷம் ஆச்சு, இப்பதான் ஹொரமாவு பக்கம் ஒரு 30க்கு 40 சைட்ல வீடு கட்ட ஆரம்பிக்கப் போறோம். எலிவேஷனுக்காக, அதாவது வீட்டு முகப்புக்காக, ஒரு டிசைனர்கிட்ட போனோம், அவர் மூணு 3டி படம் அனுப்பினார். ஒண்ணு மாடர்ன்ங்கிற பேர்ல இங்க எல்லா தெருவுலயும் இருக்கிற அதே சாம்பல் கலர் பெட்டி, இன்னொண்ணு கேரளா ஓட்டு வீடு, மூணாவதுக்கு "பிரெஞ்சு நியோகிளாசிக்கல் டவுன்ஹவுஸ்"னு பேர் போட்டிருந்தார். முழுக்க வெள்ளை, முன்னாடி ரெண்டு மாடி உயரத்துக்கு நாலு தூண், உச்சில முக்கோணமா ஒண்ணு, ஜன்னலைச் சுத்தி பூ வேலை, பால்கனில கருப்பு இரும்பு கிராதி. என் வீட்டுக்காரிக்கு பார்த்த உடனே பிடிச்சுப் போச்சு. அப்பா திருப்பத்தூர்ல இருந்து வந்திருந்தார், போனை வாங்கி ரெண்டு விரலால பெருசாக்கிப் பார்த்துட்டு "கீழ வாடகைக்கு மண்டபம் விடப் போறியாப்பா"ன்னு கேட்டார். அன்னியிலேருந்து வீட்ல ரெண்டு கட்சி.

எனக்கு தெரிஞ்சுக்க வேண்டியது, இந்த மாதிரி வீடு நிஜமாவே பிரான்ஸ்ல இருக்கா, யார் கட்டினாங்க, எதுக்காக அப்படி கட்டினாங்க, உள்ள எப்படி இருக்கும்? டிசைனர்கிட்ட கேட்டா "ராயல் லுக் சார்"ங்கிறார், அதுக்கு மேல பேச்சு போகல. படிச்சவங்க, நேர்ல பார்த்தவங்க யாராவது சொல்லுங்க. கிண்டல் பண்றவங்களும் பண்ணுங்க, பழகிடுச்சு.

ரெண்டுவருஷ_பாரிஸ்:

கிண்டல் இல்ல ப்ரோ, நல்ல கேள்வி. நான் ஆன்சைட்ல ரெண்டு வருஷம் பாரிஸ்ல இருந்தேன், ஆர்க்கிடெக்ட் எல்லாம் இல்ல, ஜாவாக்காரன்தான், ஆனா வீக்கெண்ட்ல போக இடமில்லாம தெருத்தெருவா நடந்ததுல இந்த வீடுங்க மேல ஒரு பைத்தியம் பிடிச்சு கையில கிடைச்சதை எல்லாம் படிச்சேன்.

மொதல்ல பேரு. அங்க இதுக்கு "ஒத்தெல் பார்ட்டிகுலியே"ன்னு சொல்வாங்க. ஹோட்டல்னு எழுதியிருக்கும், ஆனா ரூம் கிடைக்காது. பெரிய மனுஷனோட சொந்த டவுன் வீடுன்னு அர்த்தம். நான் போன புதுசுல சுவர்ல அப்படி ஒரு போர்டு பார்த்துட்டு டீ கிடைக்கும்னு உள்ள போகப் பார்த்தேன், செக்யூரிட்டி பிரெஞ்சுல என்னமோ சொன்னார், நல்ல வார்த்தையா இருக்காது.

இப்ப உங்க 3டி படத்துக்கு வர்றேன். அந்த நாலு தூண் தெருவைப் பார்த்து நிக்குதுல்ல, அங்கதான் தப்பு. அசல் வீட்டுல தெருவுல இருந்து பார்த்தா பெரும்பாலும் ஒண்ணுமே தெரியாது! ஒரு உயரமான சுவர், நடுவுல குதிரை வண்டி நுழையற அளவுக்கு பெரிய கதவு, அவ்வளவுதான். கதவைத் தாண்டினா ஒரு திறந்த முற்றம், வண்டி வந்து திரும்பறதுக்கும் வர்றவங்களை அசத்தறதுக்கும். அந்த முற்றத்துக்கு எதிர்ல வீடு நிக்கும், தூண் முக்கோணம் எல்லாம் அங்க. வீட்டுக்குப் பின்னாடி தோட்டம், தோட்டத்துப் பக்கம் இன்னொரு முகம். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவுல வீடுங்கறதுதான் அந்த ஃபார்முலாவே. லாயம், வண்டிக் கொட்டகை, சமையல்கட்டு எல்லாம் பக்கத்து இறக்கைகள்ல ஒளிஞ்சிருக்கும். தெருவுல போறவனுக்குக் காட்டறதுக்கு கட்டினது இல்ல ப்ரோ, உள்ள விட்டவனுக்குக் காட்டறதுக்கு கட்டினது.

ஏன் கட்டினாங்கன்னா, பதினாலாம் லூயி இருந்தவரைக்கும் பிரபுங்க எல்லாம் வெர்சாய் அரண்மனையில கால் கடுக்க நின்னாங்க. 1715ல அவர் போனதும் ராஜசபை கொஞ்ச காலம் பாரிஸுக்குத் திரும்பிச்சு, சேன் நதிக்குத் தெக்கால சாங்-ஜெர்மாங் பக்கம் இந்த மாதிரி வீடுங்க மளமளன்னு எழும்பிச்சு. ஆனா அதெல்லாம் அப்ப ரொக்கோக்கோ ஸ்டைல், எல்லாமே வளைவு, சிப்பி, கொடி, நம்ம கல்யாணப் பத்திரிகை பார்டர் மாதிரி. நியோகிளாசிக்கல் வந்தது ஒரு 1750க்கு அப்புறம். இத்தாலியில ஹெர்குலேனியம் 1738லயும் பாம்பெய் 1748லயும் தோண்ட ஆரம்பிச்சாங்களா, பழைய ரோமாபுரி வீடு நிஜமா எப்படி இருந்துச்சுன்னு ஜனங்க கண்ணால பார்த்தாங்க. ராஜாவோட கட்டட இலாகா பொறுப்புக்கு வரப்போற மரின்யீ, அதான் மதாம் பொம்பதூரோட தம்பி, அவரை 1749ல சூஃப்ளோங்கிற ஆர்க்கிடெக்ட் கூட இத்தாலிக்கு ஸ்டடி டூர் அனுப்பினாங்க. திரும்பி வந்ததும் ஃபேஷன் மாறிச்சு. வளைவு போய் நேர்கோடு, சிப்பி போய் தூண். 1763ல ஏழாண்டுப் போர் முடிஞ்சதும் காசும் வெளிய வந்துச்சு, பிரபுங்க மட்டும் இல்ல, வரி வசூல் காண்ட்ராக்ட் எடுத்தவங்க, பேங்கர்ங்க எல்லாரும் கட்ட ஆரம்பிச்சாங்க. புதுப் பணம் எப்பவும் வீட்லதானே தெரியும், இங்க சர்ஜாபூர் ரோட்ல பார்க்கிறோமே.

நான் பார்த்ததுல ரெண்டு மூணு சொல்றேன். பூல்லேன்னு ஒரு ஆர்க்கிடெக்ட், காகிதத்துல மலை மாதிரி உருண்டைக் கட்டடம் எல்லாம் வரைஞ்சவர், அவர் பாரிஸ்ல கட்டினதுல இன்னிக்கு மிஞ்சி நிக்கறது ஒத்தெல் அலெக்சாந்த்ர் ஒண்ணுதான், 1763ல இருந்து 66க்குள்ள ஒரு ஃபைனான்சியருக்குக் கட்டினது. முற்றத்துப் பக்கம் நாலே தூண், அலட்டல் கிடையாது. லெதூன்னு இன்னொருத்தர், ஆப்பரா டான்ஸர் கிமாருக்கு ஒரு வீடு கட்டினார், 1770களோட ஆரம்பத்துல, வீட்டுக்குள்ளயே ஐநூறு பேர் உக்காரற தியேட்டர்! அந்தம்மாவுக்கு காசு முடை வந்து 1786ல வீட்டை லாட்டரில விட்டாங்க, 2500 சீட்டு, சீட்டு 120 லிவ்ர், அதான் அந்தக் காலத்து பிரெஞ்சுக் காசு. விளையாட்டு இல்ல, நிஜம். வீடு இப்ப இல்ல, இடிச்சாச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒத்தெல் த சால்ம், ஓர்சே மியூசியத்துக்குப் பக்கத்துல. 1782ல ஆரம்பிச்சு 1787ல முடிச்சாங்க, பியர் ரூஸோ ஆர்க்கிடெக்ட், ஒரு ஜெர்மன் இளவரசருக்காக. தெருப் பக்கம் வெற்றி வளைவு மாதிரி வாசல், உள்ள தூண் வரிசை சுத்தின முற்றம், நதிப் பக்கம் வட்டமா முன்னாடி தள்ளி மேல ஒரு குவிமாடம். தாமஸ் ஜெஃபர்சன் அப்ப அமெரிக்கத் தூதரா பாரிஸ்ல இருந்தார், இந்த வீடு கட்டறதைப் பார்க்கறதுக்குன்னே தினமும் எதிர்க்கரைல ட்யூலரி தோட்டத்துக்குப் போவாராம். அங்க நாற்காலி வாடகைக்கு விடற பொம்பளை அவருக்கு ஒரு நாற்காலி போட மாட்டேங்கிறான்னும், கைப்பிடிச் சுவர்ல உக்காந்து திரும்பித் திரும்பிப் பார்த்து கழுத்து பிடிச்சுக்குதுன்னும் 1787ல ஒரு லெட்டர்ல புலம்பியிருக்கார். ஊருக்குப் போய் தன் மாண்டிசெல்லோ வீட்டை மாத்திக் கட்டினப்ப மேல குவிமாடம் வச்சுட்டார், அமெரிக்கக் காசுல அஞ்சு சென்ட் நாணயத்துக்குப் பின்னாடி இருக்கே அந்த வீடு.

கட்டின இளவரசரை 1794ல கில்லட்டின்ல வெட்டிட்டாங்க. வீட்டை அனுபவிச்சது ஏழே வருஷம். நெப்போலியன் காலத்துல, 1804ல, லெஜியன் த ஹானர் விருதுக்கான ஆஃபீஸா ஆச்சு, இன்னிக்கும் அதான். 1871 கம்யூன் கலவரத்துல எரிஞ்சு, அந்த விருது வாங்கினவங்களே காசு போட்டு திரும்பக் கட்டினாங்க. மத்த வீடுங்க கதையும் ஏறத்தாழ இதேதான், ஓனர் தலை போச்சு இல்ல ஊரை விட்டு ஓடினாங்க, வீடு ஏலத்துக்குப் போச்சு, இப்ப மந்திரி ஆஃபீஸ், எம்பஸி. அதனாலதான் உள்ள போய்ப் பார்க்கறது கஷ்டம்.

ரொம்ப நீளமா போச்சு, மன்னிக்கணும்.

டிராஃபிக்_ஜாம்:

சில்க் போர்டு சிக்னல்ல மாட்டிக்கிட்டு முழுசா படிச்சு முடிச்சேன், வண்டி இன்னும் நகரல. ஹொரமாவு ப்ரோ, உங்க வீட்டுக்கும் லாட்டரி விட்டா எனக்கு ஒரு சீட்டு.

சிமெண்ட்_சித்தப்பா:

நான் இருபத்திரெண்டு வருஷமா பெங்களூர்ல சைட் வேலை பார்க்கிறேன். பாரிஸ் போனதில்ல, ஆனா இந்த "ராயல் லுக்" எலிவேஷன் ஒரு பத்துப் பதினஞ்சு கட்டிக் கொடுத்திருக்கேன், அந்தப் பாவத்துக்கு இங்க பதில் எழுதறேன்னு வச்சுக்கங்க.

தம்பி, உங்க டிசைனர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, தூண் உயரம் எவ்வளவு, குறுக்களவு எவ்வளவுன்னு. ஐரோப்பாக்காரங்க இதுக்கு கணக்கு வச்சிருக்காங்க. பதினாறாம் நூற்றாண்டுல விஞ்ஞோலான்னு ஒரு இத்தாலிக்காரர் பாடமா எழுதி வச்சது, டோரிக் தூண்னா குறுக்களவைப் போல எட்டு மடங்கு உயரம், அயானிக் ஒன்பது, மேல இலை இலையா வருமே கொரிந்தியன், அது பத்து மடங்கு. பிரெஞ்சுக்காரங்க இதையேதான் பள்ளிக்கூடத்துல உருப்போட்டாங்க. இப்ப உங்க வீட்டுக்கு ரெண்டு மாடி உயரம்னா இருபது அடி வைங்க. கொரிந்தியன் போட்டா தூண் ரெண்டு அடி கனம் வரணும். நாலு தூண்னா எட்டு அடி. முப்பது அடி சைட்ல ரெண்டு பக்கமும் செட்பேக்னு காலி இடம் விட்டது போக மிச்சம் இருக்கிற முகப்புல எட்டு அடியைத் தூணே தின்னுடும், அப்புறம் கார் எங்க நுழையும்? அதனால என்ன பண்ணுவாங்க, ஒன்பது இஞ்ச்ல ஒரு கம்பம் எழுப்பி அதைச் சுத்தி மோல்டிங் ஒட்டுவாங்க. இருபது அடிக்கு ஒன்பது இஞ்ச்னா இருபத்தாறு மடங்கு. அது தூண் இல்ல, ஊதுபத்தி. அப்பா மண்டபம்னு சொன்னது தப்பே இல்ல, கண்ணுக்கு ஏதோ பொருந்தலன்னு அவருக்கு பட்டிருக்கு.

ரெண்டாவது விஷயம் மேல ஓடற அந்த பட்டை, கார்னிஸ். அதை அலங்காரம்னு நினைக்கறாங்க. அது மழைக்கு. சுவரை விட்டு நல்லா வெளிய தள்ளி, அடியில ஒரு பள்ளம் வெட்டியிருப்பாங்க, தண்ணி சுவர்ல வழியாம அந்த இடத்துலயே சொட்டி விழும். நம்ம ஆளுங்க தெர்மாகோல்ல செஞ்சு மேல கோட்டிங் அடிச்ச மோல்டிங்கை மூணு இஞ்ச் நீட்டி ஒட்டறாங்க, அடியில பள்ளமும் கிடையாது. ரெண்டு மழைக்காலம் போகட்டும், அந்த வெள்ளை வெளேர் சுவர்ல கருப்பா கோடு கோடா கண்ணீர் விட்ட மாதிரி வழிஞ்சிருக்கும். பாசி பிடிக்கும். பெயின்ட் கம்பெனிக்குத்தான் லாபம்.

பாரிஸ்ல அது கல்லு. சுண்ணாம்புக் கல்லு, ஊருக்கு அடியிலேயே தோண்டி எடுத்தது. வெட்டும்போது ஓரளவு மெத்துனு இருக்கும், காத்துல பட்டு மேல இறுகும், அதனால தைரியமா பூ வேலை செதுக்கலாம். நம்ம ஊர் சாதரஹள்ளி கருங்கல்லுல அதை செதுக்கச் சொன்னா உளி உடையும், கூலி கேட்டா நீங்க உடைவீங்க. அங்க தோண்டித் தோண்டி ஊருக்கு அடியில பொந்தாகி 1774ல ஒரு தெருவே உள்வாங்கிச்சுன்னு படிச்சிருக்கேன், அப்புறம் 1777ல அதைக் கவனிக்கறதுக்குன்னே தனி இலாகா போட்டாங்க. அந்தப் பொந்துலதான் பின்னாடி இடுகாட்டு எலும்பை எல்லாம் அடுக்கினது.

தூண் எப்படி இருக்கணும்னு பார்க்க பாரிஸ் போக வேணாம், கப்பன் பார்க் போங்க. அட்டாரா கச்சேரி, இப்ப ஹைகோர்ட், 1868ல முடிச்சது. அதுவும் இந்த கிரேக்க ரோமானிய வகையறாதான், பிரெஞ்சு இல்ல, வெள்ளைக்காரன் மூலமா வந்தது. எதிர்ல நின்னு அந்த போர்ட்டிகோ தூணோட கனத்தைப் பாருங்க. அதைக் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டினது யாரு தெரியுமா, நம்ம ஆளு, ஆற்காடு நாராயணசாமி முதலியார். கண்டோன்மென்ட்ல 1873ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரே, அவர்தான். அந்த வழியா போறப்ப எல்லாம் மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவேன்.

ஹொரமாவு_வாசி:

சித்தப்பா, ஊதுபத்தின்னு சொன்னதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டேன், ரெண்டு நாளா அதையே சொல்லிக்கிட்டிருக்கார். டிசைனர்கிட்ட குறுக்களவு கேட்டேன், "அது சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்"னார்.

வீட்டுக்காரி தரப்புல ஒரு கேள்வி, அவங்க சொன்னதை அப்படியே எழுதறேன்: "வெளிய எப்படியோ இருக்கட்டும், உள்ள எப்படி வாழ்ந்தாங்க? சமையல்கட்டு எங்க, டைனிங் எங்க, விருந்தாளி வந்தா எங்க உக்கார வைப்பாங்க?" பாரிஸ் ப்ரோ சொல்ல முடியுமா?

ரெண்டுவருஷ_பாரிஸ்:

அக்காவுக்கு என் வணக்கம், இதுதான் சரியான கேள்வி. அந்தக் காலத்துல புளோந்தேல்னு ஒரு வாத்தியார், லெதூ பூல்லே ரெண்டு பேருக்கும் பாடம் சொன்னவர், அவரும் முகப்பைவிட உள்ள ரூம்களைப் பிரிக்கறதுலதான் பிரெஞ்சுக்காரன் கெட்டிக்காரன்னு பெருமைப்பட்டுக்குவார்.

சமையல்கட்டு முடிஞ்ச அளவு தூரத்துல. ஒண்ணு பக்கத்து இறக்கைல, இல்ல கீழ நிலவறை மாதிரி ஒரு தளத்துல. புகை, வாசனை, நெருப்பு பயம். அதனால சாப்பாடு மேசைக்கு வர்றதுக்குள்ள ஆறிடும், அதைப் பத்தி யாரும் பெருசா கவலைப்படல, ஏன்னா தூக்கிட்டு வர்றதுக்கு ஆளுங்க இருந்தாங்க. டைனிங் ரூம்னு தனியா ஒண்ணு சாதாரணமானதே அந்த நூற்றாண்டுலதான், அதுக்கு முன்னாடி எங்க தோணுதோ அங்க பலகை போட்டுச் சாப்பிடுவாங்க.

விருந்தாளி விஷயம்தான் சுவாரஸ்யம். ரூம் எல்லாம் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு கோர்த்த மாதிரி, கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டுல. முதல் ரூம் காத்திருக்கறதுக்கு. வேலைக்காரன், கடன்காரன், மனு கொடுக்க வந்தவன் எல்லாம் அங்கயே நின்னுட வேண்டியது. அடுத்தது சலோன், விருந்தாளிங்க உக்காந்து பேசற கூடம். அதுக்கும் உள்ள படுக்கையறை, அங்கயும் வேண்டியவங்களைப் பார்ப்பாங்க. அதுக்கும் உள்ள சின்னதா ஒரு அறை, அங்க ரொம்ப நெருக்கமானவங்க மட்டும். எத்தனை கதவு தாண்டினேங்கறதுதான் உன் மரியாதை. நம்ம ஊர்ல திண்ணையோட அனுப்பறது, கூடத்துல உக்கார வைக்கறது, சமையல்கட்டு வரைக்கும் வர விடறதுன்னு இருக்குல்ல, அதேதான்.

இன்னொரு கூத்து, ரூம்ல எல்லாமே சமச்சீரா இருக்கணும்னு ஒரு வெறி. இந்தப் பக்கம் கதவு இருந்தா அந்தப் பக்கமும் கதவு வேணும், அங்க ரூமே இல்லன்னாலும் பொய்க்கதவு ஒண்ணு வரைஞ்சு வச்சிடுவாங்க. கணப்புக்கு மேல கண்ணாடி, எதிர்ச்சுவர்லயும் கண்ணாடி, மெழுகுவர்த்தி வெளிச்சம் ரெண்டு மடங்கா தெரியணும்னு. பகட்டு ரூம்களுக்குப் பின்னாடி குட்டிக் குட்டியா இடைவழி, மறைவான படிக்கட்டு, வேலைக்காரங்க கண்ணுல படாம போய் வர்றதுக்கு. அவங்க படுக்கறது கூரைக்கு அடியில.

இதெல்லாம் நேர்ல பார்க்கணும்னா கமோந்தோ மியூசியம் போகணும். அது உண்மையில பழைய வீடு இல்ல, 1911ல இருந்து 14க்குள்ள கட்டினது, வெர்சாய்ல இருக்கிற பெத்தி த்ரியனோன் மாளிகையை மாதிரியா வச்சு. மோயிஸ் த கமோந்தோ, இஸ்தான்புல்ல இருந்து வந்த பேங்கர் குடும்பம், பதினெட்டாம் நூற்றாண்டு மேசை நாற்காலி தேடித்தேடி வாங்கி அதுக்குப் பொருத்தமா வீட்டையே கட்டினவர். மேல பார்த்தா 1780, சமையல்கட்டுக்குப் போனா 1914, வெள்ளை டைல்ஸ், நடுவுல ரயில் எஞ்சின் சைஸ்ல இரும்பு அடுப்பு. மகன் நிஸ்ஸிம் 1917 போர்ல விமானத்துல போய் இறந்துட்டான். அப்பா வீட்டை அப்படியே மகன் பேர்ல மியூசியமா எழுதி வச்சுட்டு 1935ல போய்ச் சேர்ந்தார், எதையும் நகர்த்தக் கூடாதுன்னு கண்டிஷன். மகள் பேயாட்ரீஸையும் அவங்க வீட்டுக்காரரையும் ரெண்டு பிள்ளைங்களையும் நாஜிங்க ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனாங்க, ஒருத்தரும் திரும்பல. மேசையில தட்டு எல்லாம் விருந்துக்கு வச்ச மாதிரியே இருக்கும். நான் அங்க ரெண்டு தடவை போனேன், மூணாவது தடவை போக மனசு வரல.

வாஸ்து_வேணு:

கதவு எல்லாம் நேர்கோட்டுலன்னா நம்ம ஊர் வீடும் அதானேங்க. எங்க தாத்தா வீட்ல வாசப்படில நின்னா கொல்லைல கட்டின மாடு தெரியும்.

ரெண்டுவருஷ_பாரிஸ்:

ஒரு சின்ன வித்தியாசம் சார். நம்மளுது வாசல்ல இருந்து கொல்லைக்கு, முன்னாலேருந்து பின்னால, காத்து போக. அவங்களுது குறுக்கால, தோட்டத்து ஜன்னலை ஒட்டி இடமிருந்து வலமா. வாசல்ல நிக்கறவன் கண்ணுக்கு அந்த வரிசை தெரியவே தெரியாது.

புதுவை_உப்புக்காத்து:

இவ்ளோ பேசியும் யாரும் பாண்டிச்சேரியை இழுக்கலையே! நான் பாண்டிக்காரி, இப்ப இந்திராநகர்ல குடியிருக்கேன். பிரெஞ்சு வீடு பார்க்க ராத்திரி பஸ் ஏறினா போதும், காலைல ஒயிட் டவுன்ல, அதான் பிரெஞ்சுக்காரங்க குடியிருந்த பகுதில, இறங்கலாம்.

ஒயிட் டவுன்ல இருக்கிறது எல்லாம் ரொம்பப் பழசுன்னு டூரிஸ்ட்டுங்க நினைக்கறாங்க. இல்ல. 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூர்ல இங்கிலீஷ்காரனோட செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சு இடிச்சார், அதுக்கு வட்டியும் முதலுமா 1761ல இங்கிலீஷ்காரன் பாண்டியைப் பிடிச்சு கோட்டை, மாளிகை, வீடு எல்லாத்தையும் தரைமட்டமாக்கிட்டான். பாரிஸ் அண்ணா சொன்னாரே 1763ல போர் முடிஞ்சதும் அங்க புது வீடா எழும்பிச்சுன்னு, அந்தப் போரை முடிச்சு வச்ச அதே ஒப்பந்தத்துலதான் பாண்டி திரும்ப பிரெஞ்சு கைக்கு வந்துச்சு. 1765ல இருந்து லா த லோரிஸ்தோன் கவர்னரா இருந்து ஊரைத் திரும்பக் கட்டினார். அதனால பாரிஸ்ல நியோகிளாசிக்கல் ஃபேஷனா இருந்த அதே வருஷங்கள்லதான் எங்க ஊரும் எழும்பிச்சு. இங்க பாரிஸ் கல்லு இல்ல, செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும். கூரைக்கு மரச்சட்டம் போட்டு மேல செங்கல்லைக் குத்துக்கல்லா அடுக்கி சுண்ணாம்பு போட்டு இடிச்ச மெட்ராஸ் டெரஸ். ஆனா பிளான் அதே பிளான். தெருவுல மஞ்சளோ வெள்ளையோ அடிச்ச உயரமான சுவர், பெரிய கேட், உள்ள முற்றம், அதைப் பார்த்து தூண் வச்ச தாழ்வாரம். இன்னிக்கும் தெருவுல நின்னு போட்டோ எடுக்கறவங்க எடுக்கறது வெறும் சுவரும் காகிதப்பூவும்தான், வீட்டை இல்ல.

பெரிய வாய்க்காலைத் தாண்டி தமிழர் தெருவுக்கு வாங்க, அப்படியே தலைகீழ். தெருவைப் பார்த்து திண்ணை, யாரு வேணா வந்து உக்காரலாம், நடைபாதைக்கு மேல தூண் வச்ச தாழ்வாரம், தெருவுக்கே நிழல். அவன் முற்றம் வண்டி வர்றதுக்கு வீட்டுக்கு வெளிய இருக்கு, நம்ம முற்றம் வெயிலும் மழையும் வர்றதுக்கு வீட்டுக்கு நடுவுல. அவன் தெருவைப் பார்த்து கதவைச் சாத்தினான், நாம தெருவுல திண்ணை போட்டோம்.

ரெண்டும் கலந்த வீடும் இருக்கு, அதுதான் அழகே. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை போய்ப் பாருங்க, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர், 1736ல இருந்து நாட்குறிப்பு எழுதி வச்சவர். கீழ நம்ம ஊர் மாதிரி முற்றத்தைச் சுத்தி மரத்தூண், மேல மாடில பிரெஞ்சுக்காரன் மாதிரி வெள்ளைச் சுதைத்தூண். மனுஷன் கீழ யாரோட பேசணும் மேல யாரோட பேசணும்னு வீட்டுலயே கணக்கு வச்சிருந்தார் போல, இது என் கற்பனைதான், ஆனா அங்க நின்னா உங்களுக்கும் அப்படித்தான் தோணும்.

ஹொரமாவு அண்ணா, எனக்கு என்னமோ நீங்க காசு கொடுத்து வாங்கப் போறது அந்த வீட்டோட முகமூடியை மட்டும்னு படுது. அதுவும் அவங்க தெருவுக்குக் காட்டாத முகத்தை நீங்க தெருவுக்குக் காட்டப் போறீங்க. பிரெஞ்சு வீடுதான் வேணும்னு அண்ணி ஆசைப்பட்டா முன்னாடி ஒரு நல்ல சுவர், நல்ல கேட், உள்ள கொஞ்சம் வானம், அதைப் பார்த்து உயரமான ஜன்னல் தரைவரைக்கும். தூண் ஒண்ணு கூட வேணாம்.

டிராஃபிக்_ஜாம்:

ஹொரமாவுல முன்னாடி உயரமான சுவர் வச்சா மழைக்காலத்துல நீச்சல் குளம் ஆயிடும் அக்கா. பாரிஸ்ல ராஜகாலுவே, அதான் நம்ம மழைத்தண்ணிக் கால்வாய், கிடையாதுல்ல.

சிமெண்ட்_சித்தப்பா:

அந்தப் பொண்ணு சொல்றது சரி. டிராஃபிக் தம்பி சொல்றதும் சரிதான், தரைமட்டத்தை ரோட்டைவிட நல்லா தூக்கிக்கங்க, எதிர்காலத்துல இன்னும் ரெண்டு தடவை தார் போடுவான். நியோகிளாசிக்கல்ல நாம நிஜமா காப்பியடிக்க வேண்டியது ஜன்னல். உயரம் அகலத்தைப் போல ரெண்டு மடங்கு, மேல கீழ எல்லாம் ஒரே கோட்டுல நிக்கணும். நம்ம வீடுங்கள்ல ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு சைஸ், பாத்ரூம் வென்டிலேட்டர் ஒரு பக்கம், ஏசி பைப் ஒரு பக்கம். ஜன்னலை வரிசைப்படுத்தி, மேல நிஜமான ஒரு ஒன்பது இஞ்ச் சஜ்ஜா (சன்ஷேட்), அடியில தண்ணி சொட்டற பள்ளம், இவ்வளவு செஞ்சா போதும், வீடு தானா மரியாதையா நிக்கும். செலவும் தெர்மாகோலைவிட கம்மி.

ஹொரமாவு_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரி, அப்பா, நான் மூணு பேரும் கப்பன் பார்க் போய் ஹைகோர்ட்டை வெளிய நின்னு பார்த்தோம். அப்பா தூரத்துல இருந்தே கையை விரிச்சு தூணை அளந்தார், போலீஸ்காரர் ஒருத்தர் எங்களையே பார்த்துக்கிட்டிருந்தார். திரும்பி வரும்போது ஆட்டோல வீட்டுக்காரி "சரி, தூண் வேணாம், ஆனா அந்த உள்ள வானம் எனக்கு வேணும்"னுட்டாங்க. அப்பா உடனே "அதுக்குப் பேரு முற்றம், அதை நான் முதல்நாளே சொன்னேன்"ங்கிறார், அவர் அப்படி எதுவும் சொல்லவே இல்ல.

டிசைனருக்கு போன் போட்டேன். முற்றம்னா கார்பெட் ஏரியா போயிடும், ரீசேலுக்கு நல்லதில்ல, ரீடிசைன் சார்ஜ் தனின்னார். பேசிக்கிட்டிருக்கேன். கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல 6க்கு 8 அடி திறந்தவெளி விடலாம்னு நினைக்கறோம், மேல கம்பி மட்டும். சித்தப்பா, அது போதுமா, மழைச்சாரல் கூடத்துக்குள்ள அடிக்குமா?

சிமெண்ட்_சித்தப்பா:

ரெண்டு மாடிக்கு 6க்கு 8 போதும், வெளிச்சம் வரும், உச்சிவெயில் மட்டும் கொஞ்ச நேரம் இறங்கும். சாரல் அடிக்கும், நாலு பக்கமும் ஒண்ணரை அடி தாழ்வாரம் இழுங்க, முற்றத்துத் தரையை நாலு இஞ்ச் கீழ இறக்கி தண்ணி போற குழாயை நாலு இஞ்ச்லயே போடுங்க, ரெண்டரை இஞ்ச்ல போடலாம்னு மேஸ்திரி சொன்னா கேக்காதீங்க. குழாய் வாய்க்கு குப்பை போகாம ஒரு ஜாலி, அதான் சல்லடை மூடி. அப்புறம் மேல கம்பி மட்டும் போட்டா பத்தாது, புறா வலை கட்டாயம். இல்லன்னா ஒரே மாசத்துல அண்ணியார் என் பேரைச் சொல்லித் திட்டுவாங்க.